பென்ஷன் வருமா அவளுக்கு

2014 செப்டம்பரில் பிரான்சின் சில புத்தகக் கடைகள் தங்கள் கண்ணாடிக் கதவில் ஒரு தாளை ஒட்டின. வலேரி திரியெர்வெய்லெரின் புத்தகம் எங்களிடம் கிடையாது, பால்சாக்கும் மொபசானும் இருக்கிறார்கள் என்கிற பொருளில் எழுதியிருந்தார்கள். இன்னொரு கடைக்காரருக்குக் கோபம் அதிகம். அதிபரும் அவருடைய பழைய துணைவியும் கொட்டுகிற குப்பைக்கு என் கடை தொட்டி இல்லை என்று எழுதி வைத்தார். பத்திரிகைகள் அந்தத் தாள்களைப் படம் பிடித்துப் போட்டன, எல்லாரும் ரசித்தார்கள். புத்தகம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. விஷயம் கசிந்துவிடக் கூடாதென்று ஜெர்மனியில் வைத்து அச்சடித்த முதல் இரண்டு லட்சம் படிகள் சில நாட்களில் தீர்ந்தன. வருடம் முடிவதற்குள் ஆறு லட்சத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு பிரான்சில் அதைவிட அதிகமாக விற்ற புத்தகம் வேறில்லை.

அந்தத் தாளில் மொபசானைச் சேர்த்தவர் மொபசானைப் படித்தவர்தானா என்று எனக்கு ஒரு சந்தேகம். 1885இல் வந்த அவருடைய ‘பெலாமி’ நாவலில் ஒரு பத்திரிகைக்காரன் பெண்களைப் பிடித்துப் பிடித்தே மேலே ஏறுகிறான். தன் மனைவியும் ஒரு அமைச்சரும் ஒரே அறையில் இருக்கும் நேரம் பார்த்துப் போலீசோடு போய்க் கதவைத் தட்டுகிறான். பால்சாக்கின் பாரிசிலோ, வைப்பாட்டி இல்லாத பெரிய மனிதரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விஷயம் அசிங்கம் என்பதற்காக அந்தக் கடைகள் புத்தகத்தை ஒதுக்கவில்லை. அதே விஷயத்தை அறைக்குள் இருந்தவளே வெளியே வந்து, தன் பெயரைப் போட்டுச் சொல்கிறாள். அதுதான் பொறுக்கவில்லை.

கதை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக. திரியெர்வெய்லெர் ‘பாரி மாட்ச்’ வார இதழின் அரசியல் நிருபர். சோசலிஸ்ட் கட்சித் தலைவராக இருந்த பிரான்சுவா ஒலாந்தோடு 2005 வாக்கில் உறவு தொடங்குகிறது. அப்போது ஒலாந்தின் வீட்டில் இருந்தவர் செகொலேன் ருவயால். நான்கு பிள்ளைகளின் தாய், 2007இல் அதிபர் தேர்தலில் நின்று சர்கோசியிடம் தோற்றவர். அவரையும் ஒலாந்த் மணந்துகொண்டதில்லை. 2012 மே மாதம் ஒலாந்த் அதிபரானார், திரியெர்வெய்லெருக்கும் எலிசே மாளிகையில் இடம் கிடைத்தது. 2014 ஜனவரியில், தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் நடிகை ழுலி கயேயைப் பார்க்கப் போகும் அதிபரின் படங்களை ‘க்ளோசெர்’ இதழ் வெளியிட்டது. திரியெர்வெய்லெரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஜனவரி 25ஆம் தேதி செய்தி நிறுவனத்துக்குப் பதினெட்டே சொல்லில் ஓர் அறிவிப்பு, உறவு முடிந்தது. அதற்கடுத்து அவர் விமானம் ஏறி வந்த இடம் மும்பை. பட்டினிக்கு எதிராக வேலை செய்கிற ஒரு தொண்டு நிறுவனத்தின் நிகழ்ச்சி, முன்பே ஒத்துக்கொண்டது. செப்டம்பரில் புத்தகம். ‘இந்தக் கணத்துக்கு நன்றி’ என்று தலைப்பு.

புதுச்சேரிப் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு அதை நானும் படித்தேன். நல்ல புத்தகம் என்று சொல்ல மாட்டேன். அவசரத்தில் எழுதியது. முன்னும் பின்னும் தாவுகிறது, காயத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறது, தன்னால் காயம் பட்டவளைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் சுருங்கிவிடுகிறது. ஆனால் அங்கே கிளம்பிய எதிர்ப்பில் எழுத்தின் தரம் ஒரு மூலையில்கூட இல்லை.

பிரெஞ்சுப் பெண் வாசகர்கள் பலருக்கு ருவயால்தான் முதலில் நினைவுக்கு வந்தார். ருவயாலுக்கு நீ செய்ததை உனக்கு இன்னொருத்தி செய்தாள், இதில் புலம்ப என்ன இருக்கிறது என்றார்கள். 2012 ஜூனில், லா ரொஷெல் தொகுதியில் ருவயாலை எதிர்த்து நின்றவருக்கு வாழ்த்துச் சொல்லித் திரியெர்வெய்லெர் ட்விட்டரில் எழுதியதை அவர்கள் மறக்கவில்லை. அரசியல்வாதிகள் கட்சி வேறுபாடில்லாமல், அதிபர் பதவியின் மானம் போயிற்று என்றார்கள். அதிபர் ஸ்கூட்டரில் போனபோது போகாத மானம்.

புத்தகத்தைத் தாண்டி நிலைத்தது வேறொரு விஷயம். பணக்காரர்களைப் பிடிக்காது என்று வெளியே சொல்லும் ஒலாந்த், தனியே இருக்கும்போது ஏழைகளைப் ‘பல்லில்லாதவர்கள்’ என்று சொல்லிச் சிரிப்பார் என்று திரியெர்வெய்லெர் ஓரிடத்தில் எழுதியிருந்தார். அவ்வளவுதான், நாடு பிடித்துக்கொண்டது. நேட்டோ மாநாட்டுக்காக வேல்சுக்குப் போயிருந்த ஒலாந்த், அங்கே நிருபர்கள் முன்னால் இதற்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. பிறகு ஒரு பேட்டியில், என் வாழ்நாள் முழுவதையுமே அடிக்கிற அடி இது என்று மறுத்தார். மறுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த வாரக் கருத்துக்கணிப்பு ஒன்றில் அவரை நம்புகிறவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்று பேர். ஊர்வலங்களில் ஜனங்கள் தாங்களே பல்லில்லாதவர்கள் என்று பதாகை பிடித்தார்கள். அந்த நாட்டில் அன்றைக்குப் பல் கட்டுவதென்றால் அரசுக் காப்பீடு கொஞ்சம் கொடுக்கும், மிச்சத்தைக் கையிலிருந்து போட வேண்டும். வாயைத் திறந்தாலே ஒருவரின் வசதி தெரிந்துவிடும். செலவை முழுக்க ஏற்கிற திட்டம் 2020ஐ ஒட்டித்தான் வந்தது.

முந்நூறு பக்கப் புத்தகம். ஒன்பது வருடக் கதை. வாசகர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது தங்கள் வாயைப் பற்றிய ஒரு கேலியை. காதல், துரோகம், மாத்திரை, மருத்துவமனை எல்லாம் அவளோடு போயிற்று. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த மாதிரிப் புத்தகத்தை ஒருவர் படிக்கும்போது எழுதியவளின் கணக்கைப் பார்ப்பதில்லை. தன் வீட்டில் தீராமல் கிடக்கும் கணக்கை எடுத்து வைத்துக்கொள்கிறார். இதை எனக்கு விளங்க வைத்தது பாரிசு இல்லை, மணப்பட்டு.

கடலூர் பஸ்ஸில் போய்க் கன்னியக்கோயிலில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் மணப்பட்டு. பாகூர் கொம்யூன். சவுக்கும் தென்னையும் கடல்வரைக்கும் போகும். அத்தை வீடு அங்கே. மாமா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர். அவர் போன பிறகு அத்தைக்கு விதவைப் பென்ஷன் பிரான்சிலிருந்து வருகிறது. வருடா வருடம் தான் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். அதிபர் தேர்தல் வந்தால் புதுச்சேரிக்குப் போய் ஓட்டுப் போடுவாள். புதுச்சேரியிலும் சுற்று வட்டாரத்திலும் அப்படி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வாக்காளர்கள் இருக்கிறார்கள். 2012இல் அத்தை போட்டது ஒலாந்துக்கா சர்கோசிக்கா என்று கேட்டால், “அதெல்லாம் சொல்லக் கூடாதுடி” என்பாள்.

பாரிசில் படிக்கிற பேத்தி விடுமுறைக்கு வந்தபோது இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து கதையைப் பாட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் இடையிடையே எடுத்துக் கொடுத்தேன். ஸ்கூட்டர், தலைக்கவசம், நடிகை எல்லாம் வந்தது. அத்தை முகத்தில் ஒரு சுருக்கமும் மாறவில்லை. முடித்ததும் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“இன்னாடி, அவளை எத்தா சிவில்ல எழுதினானா இல்லியா?”

“இல்ல அத்த. கல்யாணமே பண்ணிக்கல.”

“அப்போ பென்ஷன் வராதே அவளுக்கு.”

“அவரு இன்னும் உயிரோடதான அத்த இருக்காரு.”

“இருக்கட்டும். என்னைக்கும் இருப்பானா? அவளுக்கு ஒண்ணும் வராதுடி. அதான் பொஸ்தவம் எழுதிட்டா. வேற இன்னா செய்வா?”

பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தை சொன்னது சட்டப்படி சரி. பிரான்சில் இறந்தவரின் பென்ஷனில் பங்கு, மணந்துகொண்டவருக்கு மட்டும்தான். எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் எத்தா சிவில் என்கிற பதிவேட்டில் பெயரில்லாதவருக்கு ஒரு காசு கிடையாது. பாரிசுப் பத்திரிகைகளில் இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களில் இந்த ஒரு கேள்வியை முதல் கேள்வியாகக் கேட்டவரை நான் பார்க்கவில்லை.

அத்தை ஏன் நேராகப் பென்ஷனுக்குப் போனாள் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 1881இல் வந்த ஒரு அரசாணைப்படி, நம் பக்கத்து ஆட்கள் தங்கள் சாதி வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போகலாம் என்றானது. போனவர்களுக்குக் குடும்பப் பெயர், பதிவேடு, ஒரே மனைவி. பிறகு 1954 நவம்பரில் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டு 16இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் சொல்ல வேண்டும் என்றார்கள். சைகோனிலும் அல்ஜீரியாவிலும் துப்பாக்கி தூக்கிய குடும்பங்கள் பல அதை எழுதிக் கொடுத்தன. ஆனால் மனுஷன் மனுஷன்தானே. அங்கே ஒன்று, இங்கே ஒன்று, கடலூரில் ஒன்று என்று வைத்திருந்த சொல்தாக்களைப் பற்றி இந்தப் பக்கத்துக் கிழவிகளிடம் கதைகள் உண்டு. அவன் செத்த மறுநாள் எல்லாம் தெளிந்துவிடும். பதிவேட்டில் யார் பெயரோ அவளுக்கு மாதா மாதம் பணம்; மற்றவளுக்கு அழுகை. சோறாக்கிப் போட்டது யார், கடைசிக் காலத்தில் மலம் அள்ளியது யார் என்றெல்லாம் அந்தப் பதிவேட்டில் இடமில்லை. இத்தனையும் கண்ணால் பார்த்தவளுக்கு எலிசே மாளிகையின் கதையும் பாகூர்க் கதைதான்.

தில்லியும் ஒரு காலத்தில் அத்தையின் கேள்வியைத்தான் கேட்டது, ஆனால் வேறு காரணத்துக்காக. 2008 குடியரசு தினத்துக்குச் சர்கோசி வந்தபோது கார்லா புரூனியோடு அவருக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. கூட வந்தால் எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று அதிகாரிகள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடைசியில் சர்கோசி தனியாகவே வந்தார். 2013 பிப்ரவரியில் ஒலாந்த் திரியெர்வெய்லெரை அழைத்துக்கொண்டே வந்தார், தில்லியும் வரவேற்றது. பதிவேட்டில் இல்லாதவளுக்கு அரசு விருந்தில் நாற்காலி கிடைத்த அந்த நாட்களை அத்தையிடம் சொன்னேன். நாற்காலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவள் வாயைத் திறந்து கேட்கவில்லை, பார்வையிலேயே கேட்டுவிட்டாள்.

திரியெர்வெய்லெரின் புத்தகம் வந்து இரண்டு வருடம் கழித்து அதே பிரெஞ்சு வாசகர்கள் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள். 2016 அக்டோபரில், நாட்டின் மிக மதிப்புள்ள பதிப்பகமான கலிமார், ‘ஆனுக்குக் கடிதங்கள்’ என்ற கனத்த நூலைக் கொண்டுவந்தது. பிரான்சுவா மித்தெரான் 1962 முதல் 1995 வரை ஆன் பேன்ழோவுக்கு எழுதிய 1218 கடிதங்கள். மித்தெரானுக்கு வீட்டில் மனைவியும் இரண்டு மகன்களும். ஆனுக்கும் அவருக்கும் 1974இல் ஒரு மகள், மசரீன். பதினான்கு வருடம் அதிபராக இருந்தவரின் இன்னொரு குடும்பம், பத்திரிகையாளர் பலருக்குத் தெரிந்தும் 1994 நவம்பர்வரை பெரிய பத்திரிகை எதிலும் வரவில்லை. வெளியிட்டது ‘பாரி மாட்ச்’. திரியெர்வெய்லெர் வேலை பார்த்த அதே இதழ். 1996 ஜனவரியில் ழர்னாக் ஊரில் மித்தெரானை அடக்கம் செய்தபோது இரண்டு குடும்பமும் ஒரே சவப்பெட்டியின் பக்கத்தில் நின்றன.

அந்தக் கடிதங்களை விமரிசகர்கள் இலக்கியம் என்றார்கள். எந்தக் கடையும் தாள் ஒட்டவில்லை. ஆன் பேன்ழோவின் பொறுமையை, கண்ணியத்தை, அருங்காட்சியகத்தில் அவர் பார்த்த வேலையைப் பாராட்டி எழுதினார்கள். நியாயமான பாராட்டுதான்; மித்தெரான் எழுதத் தெரிந்தவர், கடிதங்களில் சில நிஜமாகவே அழகு. ஆனால் ஆயிரத்திருநூறு பக்கத்திலும் அவளுடைய குரல் இல்லை. அவள் எழுதிய பதில்கள் அதில் கிடையாது. முப்பத்து மூன்று வருடம் ஓர் ஆண் பேசுகிறான், ஒரு பெண் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறாள். அப்படி எடுத்து வைத்தவளுக்குக் கலிமார். தானே பேசியவளுக்குக் குப்பைத்தொட்டி. ஒலாந்தே 2018இல் தன் ஆட்சிக்காலத்தைப் பற்றிப் புத்தகம் எழுதினார். ஊர் ஊராகப் போய்க் கையெழுத்துப் போட்டார். வரிசை நீளமாக இருந்தது, ஜனங்கள் சிரித்த முகத்தோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

பிரெஞ்சுக்காரர்களைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அதிகாரத்தில் இருப்பவரின் வீட்டைப் பற்றி இந்த மண்ணில் எழுதிய பழைய ஆள் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் கால் நூற்றாண்டு எழுதிய நாட்குறிப்பு. பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷி. அதில் மதாம் துய்ப்ளேக்சு வருகிற இடங்களைப் படித்துப் பாருங்கள். வழக்கில் தலையிடுகிறாள், பணம் வாங்குகிறாள், கெட்ட காரியம் எதுவானாலும் பின்னால் அவள் இருக்கிறாள். 1748இல் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தபோதும் மதாம் மேல்தான் ஆத்திரம். ஆணை போட்ட கவர்னர் மேல் எரிச்சல் வரும், அடங்கிவிடும். பிள்ளை பொய் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. கவர்னரிடம் காரியம் ஆக வேண்டியவர் அவர். கோபத்தை எங்கே இறக்கிவைப்பது பத்திரம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மதாமின் பக்கத்துக் கதையை மதாம் எழுதி வைத்திருந்தால் நாம் அதை எப்படிப் படித்திருப்போம்?

இந்த மாதிரிப் புத்தகங்களை ஏன் எழுதுகிறார்கள் என்று கேட்டால், பணம் அல்லது பழி என்று எல்லாரும் உடனே சொல்லிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் எம்.பி.யாக இருந்த எட்வினா கரி வேறொரு காரணம் சொன்னார். 1984 முதல் 1988 வரை ஜான் மேஜரோடு அவருக்கு உறவு இருந்தது. மேஜர் பிறகு பிரதமரானார், 1999இல் தன் வரலாற்றை எழுதினார். அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பின்னாலிருக்கும் பெயர்ப் பட்டியலில் தேடினாராம் கரி. தன் பெயர்கூட அதில் இல்லை என்பதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது என்றார். 2002இல் நாட்குறிப்புகளை வெளியிட்டார். மேஜர், தன் வாழ்க்கையில் மிகவும் வெட்கப்படும் நிகழ்ச்சி அது என்றும், மனைவிக்கு எப்போதோ தெரியும் என்றும் அறிக்கை விட்டார். இங்கிலாந்து வாசகர்கள் கரியைத் திட்டினார்கள், மேஜரைப் பற்றி, அட இந்த மனுஷனா என்று வியந்தார்கள். சாம்பல் நிறம் என்று கேலிக்கு ஆளான ஒரு பிரதமருக்கு அந்தப் புத்தகம் கொஞ்சம் வண்ணம் பூசிவிட்டது.

கரியின் கதையைப் படித்தபோது எனக்குக் குறுந்தொகையின் பரத்தைகள் நினைவுக்கு வந்தார்கள். பரத்தை பேசுவதாகவே அதில் பாட்டுகள் இருக்கின்றன. ஆலங்குடி வங்கனார் பாடியது எல்லாருக்கும் தெரிந்தது. துறைக் குறிப்புகளைப் பார்த்தால் ஒரு வேடிக்கை. தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்ட பரத்தை, தலைவியின் பக்கத்து ஆட்கள் காதில் விழும்படி சொல்கிறாள். அவளுக்கு வாசகர்கள் யார் என்பதில் குழப்பமே இல்லை. தலைவனுக்காக அவள் பேசவில்லை. ஊர் முழுக்கவும் கேட்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் யார் காதில் விழ வேண்டுமோ அவர்கள் காதில் விழுந்தால் போதும். அந்தப் பாட்டுகளைத் தொகுத்தவர்கள் அவற்றைத் தள்ளிவிடவில்லை. நம் புலவர்களுக்கு இருந்த தைரியம், பாரிசுக் கடைக்காரர்களுக்கும் இல்லை, நம் வார இதழ்களுக்கும் இல்லை.

ஆண் எழுதினால் நிலைமையே வேறு. நேருவின் உதவியாளராக இருந்த எம். ஓ. மத்தாய் 1978இல் தன் நினைவுகளை வெளியிட்டார். அதில் ஓர் அத்தியாயத்துக்குத் தலைப்பு மட்டும் உண்டு, ‘அவள்’. உள்ளே ஒன்றுமில்லை, மிகவும் அந்தரங்கமான அனுபவம் என்பதால் ஆசிரியர் கடைசி நேரத்தில் எடுத்துக்கொண்டார் என்று பதிப்பாளர் குறிப்பு. அச்சாகாத அந்த அத்தியாயத்துக்குக் கிடைத்த வாசகர்கள், அச்சான அத்தியாயங்கள் எதற்கும் கிடைக்கவில்லை. எழுதாமல் விட்டதாலேயே ஒரு பெண்ணின் மேல் எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம் என்று மத்தாய்க்குத் தெரிந்திருக்கிறது. படித்தவர்கள் அவரை அற்பன் என்றார்கள். ஆனால் நம்பவும் செய்தார்கள். தமிழில் கண்ணதாசனின் ‘வனவாசம்’ தலைமுறை தலைமுறையாக விற்கிறது. தாசி வீடுகளுக்குப் போனதையும் கூட வந்தவர்களையும் அவர் எழுதிய பக்கங்களைப் படித்துவிட்டு, என்ன நேர்மை என்கிறோம். நேர்மைதான், மறுக்கவில்லை. அந்த வீடுகளின் கதவைத் திறந்துவிட்டவள் எழுதியிருந்தால் நேர்மை என்ற சொல் நமக்கு ஞாபகம் வந்திருக்காது.

தமிழில் அப்படி ஒரு புத்தகம் ஏன் வரவில்லை? பயம் என்று சொல்வார்கள். பயம் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. இங்கே எல்லாருக்கும் முன்பே தெரியும். கருணாநிதி இன்றைக்குக் கோபாலபுரத்துக் குடும்பத்தோடு இருக்கிறாரா, சி.ஐ.டி. காலனிக் குடும்பத்தோடு இருக்கிறாரா என்று நாளிதழ்கள் வெளிப்படையாகவே எழுதின. அதில் அதிர்ச்சி அடைந்தவர் யாருமில்லை. புதுச்சேரியோ இன்னும் சின்னது. சட்டமன்றத்துக்கு முப்பது தொகுதி, ஒரு தொகுதிக்கு முப்பதாயிரம் சொச்சம் வாக்காளர்கள். எம்.எல்.ஏ.வின் கார் ராத்திரி எந்தத் தெருவில் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள இந்த ஊரில் பத்திரிகை நிருபர் தேவையில்லை, பால்காரர் போதும். தெரிந்த விஷயத்தை அம்பலப்படுத்த முடியாது. தெரியாமல் மிச்சமிருப்பது அவள் என்ன நினைத்தாள் என்பது ஒன்றுதான். அதை யாரும் இதுவரை கேட்டதில்லை.

கேட்க ஒரு சந்தர்ப்பம் கிட்டத்தட்ட வந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் குமுதத்தில் ஜெயலலிதா தன் கதையைத் தொடராக எழுதினார். படப்பிடிப்பு, அம்மா, பள்ளிக்கூடம், நட்பு என்று கூச்சமில்லாத நடை. தொடர் பாதியில் நின்றது. ஏன் நின்றது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள், அதில் நான் இறங்கவில்லை. எம்.ஜி.ஆரோடு 1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ தொடங்கி இருபத்தெட்டுப் படங்களில் நடித்தவர், 1982இல் அவருடைய கட்சியில் சேர்ந்தவர், 1987 டிசம்பரில் ராஜாஜி மண்டபத்தில் அவருடைய உடலின் தலைமாட்டில் இரண்டு நாள் நின்றவர், பீரங்கி வண்டியிலிருந்து தள்ளிவிடப்பட்டவர், அதன் பிறகு தன் பக்கத்துக் கதையைப் புத்தகமாக எழுதவே இல்லை. 1999இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சிமி கரேவால் நேராகக் கேட்டபோது, அவரைச் சந்தித்தவர்கள் எல்லாருக்குமே அவர்மேல் காதல் வந்திருக்கும் என்கிற மாதிரி சிரித்துச் சமாளித்தார். வாஸந்தி ஆங்கிலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாறு வரப்போகிறது என்றதும் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். எம்.ஜி.ஆருக்கும் அவருக்கும் இருந்தது என்ன உறவு என்பதை அவர்தான் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை, ஊர் நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ராஜாஜி மண்டபத்தில் நடந்ததையும் ழர்னாக்கில் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. தன் கதையைச் சொல்லி அனுதாபம் வாங்குவதைவிட, நாற்காலியைப் பிடித்துவிட்டால் ஒருவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் தடுக்கிறது என்று சொல்ல முடியாது. இதற்கான பெரிய தீர்ப்பே தமிழ்நாட்டு வழக்கில் வந்ததுதான். தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடப் போனது. அதிகாரிகள் சிலரோடு அவருக்கு இருந்த நெருக்கம் அதில் வருகிறது என்று சொல்லப்பட்டது, சிறைத்துறை தலையிட்டது. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு, ஒரு புத்தகம் வருவதற்கு முன்பே அரசு அதைத் தடுக்க முடியாது என்றது. அதே தீர்ப்பு, தனி வாழ்க்கையைச் சம்மதமில்லாமல் எழுதக் கூடாது என்றும் சொன்னது. பதவியில் இருப்பவர், தன் பதவிக் காரியங்கள் சம்பந்தமாக அந்தக் கேடயத்தைத் தூக்க முடியாது என்றும் சேர்த்துச் சொன்னது. இருவர் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கையை ஒருவர் எழுதினால் அது யாருடைய அந்தரங்கம் என்ற கேள்விக்கு அதில் நேரான பதில் கிடைக்காது. பிரான்சின் அந்தரங்கச் சட்டம் நம்முடையதைவிடக் கறாரானது. இருந்தும் ஒலாந்த் வழக்குப் போடவில்லை.

நம் ஊரில் அப்படி ஒரு புத்தகம் வந்தால் முதல் வாரம் என்ன நடக்கும் என்று ஊகிக்கச் சிரமமில்லை. கட்சிக்காரர்கள், எதிர்க்கட்சி கொடுத்த பணம் என்பார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் நாலு பக்கத்தை நகலெடுத்துத் தேநீர்க் கடையில் போடுவார்கள். பெண்கள் பெரும்பாலும் மனைவி பக்கம் நிற்பார்கள். அதிலும் தப்பில்லை, அவரவர் வீட்டுக் கணக்கு. இலக்கியக்காரர்களாகிய நாம், விஷயம் இருக்கிறது, கலையாக மாறவில்லை என்று ஒரு வரி எழுதி ஒதுங்கிக்கொள்வோம். படுக்கையறையைத் தேடி வாங்கியவர்கள் ஏமாந்து போவார்கள் என்பது மட்டும் நிச்சயம். மணப்பட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுதினால் அந்தப் புத்தகத்தில் என்னென்ன இருக்கும் என்று அத்தை கேட்ட கேள்வியிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம். மனை யார் பெயரில் வாங்கியது, பட்டா மாற்றிக் கொடுத்தானா இல்லையா, ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் யார், பிள்ளையைச் சேர்க்கும்போது அப்பா பெயர்க் கட்டத்தில் தலைமையாசிரியர் என்ன எழுதச் சொன்னார், தேர்தல் வந்தால் மூன்று மாதம் கார் வராதபோது மளிகைக் கடன் எவ்வளவு ஏறியது, டிரைவருக்குச் சாப்பாடு போட்டது யார், அவன் செத்தால் மாலை போட எந்த வாசல் வழியாக விடுவார்கள். கட்டில் அதில் நாலு பக்கம் வந்தால் அதிகம்.